இடம் மாறிய மான்கள்

ரயில் நிற்காமல் போய்விட்ட ஸ்டேஷனை இடித்தபோது
காத்திருப்பு அறையின் விறகுக் கணப்பை
இரண்டு டயர் விலைக்கு வாங்கினேன்.
வீடுவரை டிரெய்லரின் அச்சு முனகிக்கொண்டே வந்தது.
சுன்னிவா விலை கேட்கவில்லை.
நாடாவை எடுத்து வாசல் கதவை அளந்தாள்,
பிறகு என்னைப் பார்த்தாள்.

ஆகவே கொட்டகையில் வைத்து அக்கக்காகப் பிரித்தேன்.
எழுபது வருடத் துரு
ஒவ்வொரு போல்ட்டையும் தன் சொத்து என்றது.
எண்ணெய் விட்டேன், ராத்திரி ஊறட்டும் என்று விட்டேன்,
காலையில் சூடு காட்டினேன், கெட்ட வார்த்தை சொன்னேன்.
ஏழு வந்தன.
எட்டாவது தலை முறிந்து
துளைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது,
கடைசி நிறுத்தத்திலும் இறங்க மறுக்கும் குடிகாரன் மாதிரி.
பஸ் ஓட்டுகிறவன் நான்.
அந்த ஆளோடு பேசிப் பயனில்லை என்று தெரியும்.
துளைக்கருவியை எடுத்தேன்.

உள்ளே என்ன கிடைத்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள்.
சாம்பல் தட்டுக்கு அடியில்
பதினாறு பீர் மூடிகள்.
அவ்வளவுதான்.

பக்கத் தகடுகளில் ஏதோ இருந்தது,
கறுப்புக்கு மேல் கறுப்பு பூசி மறைத்த மேடு.
கம்பித் தூரிகை முதலில் ஒரு குளம்பை எடுத்தது,
பிறகு முழங்காலை,
பிறகு தகட்டுக்கு ஒன்றாக இரண்டு எல்க் மான்கள்.
ஒன்றின் கொம்பில் பதினொரு கிளை, மற்றதில் பத்து.
செப்டம்பர் முழுக்க மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுத்தது.

புகைபோக்கி பார்க்க ஓட்வார் வந்தான், டார்ச்சும் முகக்கண்ணாடியுமாய்.
பின்தகட்டில் விரலை ஓட்டி
ஓரிடத்தில் நிறுத்தினான்.
“மயிரிழை.”
“பார்த்தேன்.”
“இது வெடிப்பா, வெறும் ரேகையா என்று
நீ எரிக்கிற விதம்தான் சொல்லும்.
உலர்ந்த பிர்ச். சின்னச் சின்னக் கட்டை. ஆசைப்படாதே.”
ஒரு காபி குடித்தான். ரசீது எழுதினான்.

கதவு விளிம்புக்குப் புதுக் கண்ணாடியிழைக் கயிறு.
அதைச் சோதிக்க ஒரு நோட்டு போதும்:
இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும்,
வந்துவிட்டால் காற்றும் வரும்.
காட் மீன் படம் போட்ட இருநூறு குரோனர் வைத்தேன்.
மேலே கவ்வியது. கீழே கவ்வியது.
கீல் பக்கம் மீன் சுகமாக நழுவி வந்தது.
சுன்னிவா அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பூட்டி, இடுக்குக்கெல்லாம் சிமெண்டு வைத்து,
அது இறுகி,
நான்கு பேராய்த் தூக்கி உள்ளே வைத்த பிறகுதான் பார்த்தேன்.
மான்கள் அறையைப் பார்த்து நடந்து வர வேண்டியவை.
இரண்டும் எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டியபடி
சுவருக்குப் போய்க்கொண்டிருந்தன.
இடம், வலம் என்று சுண்ணக்கட்டியில் எழுதியதை
கொட்டகை ஒழுகி அழித்திருக்கிறது.

முதல் தீ, வெளியே மைனஸ் பத்தொன்பது.
புதுப்பூச்சு புகைந்தது, எச்சரிக்கை மணி கத்தியது,
சுன்னிவா அதைக் கழற்றிப் பனியில் வீசினாள்,
கத்தல் பனிக்குள் கொஞ்ச நேரம் தொடர்ந்தது.
எல்லா ஜன்னலையும் திறந்தோம்.
கணப்பு மூட்டிய அன்று
வீடு அதற்கு முன் இருந்ததைவிடக் குளிர்ந்தது.

இரண்டாம் தீ. மூன்றாம் தீ.
நான்காவதில் புகைக்குழாய் இழுக்கக் கற்றுக்கொண்டது.
“மறுபடி பிரிப்பாயா?” என்றாள்,
மானின் பிட்டத்தில் கையுறையைக் காயப்போட்டபடி.
“வேனிலில்.”
“எந்த வேனில்?”

இப்போது அதிகாலை மூன்று.
கீல் பக்கம் நூலளவு வெளிச்சம்,
தரைப்பலகையில் ஒரு கோடு.
தாழ் திறக்கும் சத்தம்.
ஒன்று போதும் என்கிறேன் படுக்கையிலிருந்து.
அவள் இரண்டு போடுகிறாள்.
பின்தகடு டிக்கென்று ஒரு சொடுக்குப் போடுகிறது.
அவள் அங்கேயே நிற்கிறாள்.
நான் எழுந்து உட்காருகிறேன்.
அடுத்த சத்தத்துக்காக.